அடித்த சொற்களில் பிறந்த விலங்குகள்

திண்டுக்கல்லில் பத்தாண்டுகளாய்க் கூடிக் கவிதை திருத்தும் நாம், அடித்துவிட்ட சொல்லைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரவீந்திரநாத் தாகூர் பார்த்தார். 1924-இல் தென் அமெரிக்கப் பயணத்தில் உடல்நலம் குன்றி, அர்ஜென்டினாவில் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கினார். அங்கே 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப்படியில், நீக்கிய வரிகளைக் கோடுகளால் இணைத்துக்கொண்டே சென்றார். அலகு முளைத்தது; வால் நீண்டது; எக்காட்டிலும் இல்லாத விலங்குகள் எழுந்து நின்றன. அவற்றில் ஓர் ஓவியரைக் கண்டுகொண்டவர் ஒகாம்போ.

அப்போது தாகூருக்கு வயது 63. உறவில் அவனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் பெயர்பெற்ற ஓவியர்கள். இவரோ ஓவியப் பள்ளியை மிதியாதவர். சில ஆண்டுகளில் தனித்தாள்களில் தீட்டத் தொடங்கினார். தூரிகையைக் காட்டிலும் பேனாமுனையும் கந்தைத் துணியும் விரலுமே அவருக்கு வாய்ப்பாக இருந்தன. 1941 ஆகஸ்டு 7-இல் மறைவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள்! பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பில்லை. சொல்லால் உலகப் புகழ் எய்தியவர், தம் படங்களுக்கு ஒரு சொல்லும் ஈய மறுத்தாரே, நோபல் பரிசினும் அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தாய்நாட்டில் காட்டக் கூச்சம். ஒகாம்போவின் முயற்சியால் 1930 மே மாதம் பாரிஸ் பிகால் காட்சிக்கூடத்தில்தான் முதற் கண்காட்சி நிகழ்ந்தது. பின்னர் பெர்லின், மாஸ்கோ, நியூயார்க்.

1937-இல் வெளிவந்த 'சே' பேத்திக்குச் சொன்ன கதைகள். நம் செவிக்கு அலுப்பொலியாகத் தோன்றும் அத்தலைப்புக்கு வங்கத்தில் 'அவன்' என்பது பொருள். பெயரற்ற அந்த 'அவ'னுக்கும் அவன் உலகத்து விசித்திரப் பிராணிகளுக்கும் கிழவரே படம் வரைந்தார்.