பாதரச ஆவியும் பேராசிரியர் அல்பிரட் ஸ்டொக்கும்

பல் அடைப்பதற்குப் பயன்படும் பாதரசக் கலவையை 2034 ஆம் ஆண்டுக்குள் முற்றாகக் கைவிடுவதென மினமாட்டா சமவாயத்தில் இணைந்துள்ள நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடித் தீர்மானித்தன. இலங்கையும் 2017 ஆம் ஆண்டு முதல் இச்சமவாயத்தில் இணைந்துள்ள நாடாகும். இக்கலவை தொடர்பான விவாதங்களில் நோயாளியின் வாயிலுள்ள அடைப்பைப் பற்றியே பெரிதும் பேசப்படுகின்றது. அதனை நாள் முழுவதும் குழைத்துக் கொடுத்த உதவியாளரும், குனிந்து நின்று அடைத்த பல் வைத்தியரும் சுவாசித்த காற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்தக் காற்றின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியவர் ஒரு பல் வைத்தியர் அல்லர். ஜேர்மனிய இரசாயனவியல் பேராசிரியர் அல்பிரட் ஸ்டொக் ஆவார்.

1876 ஆம் ஆண்டு டான்சிக் நகரில் பிறந்த ஸ்டொக், பேர்லினில் எமில் பிஷரிடம் கற்று, பின்னர் பரிஸில் மொய்சானின் ஆய்வுகூடத்தில் ஓராண்டு பணியாற்றினார். பிரெஸ்லாவில் பேராசிரியராக இருந்துவிட்டு, 1916 இல் பேர்லின் கைசர் வில்ஹெல்ம் இரசாயனவியல் நிறுவகத்துக்கு வந்து சேர்ந்தார். போரனும் ஐதரசனும் சேர்ந்த சேர்வைகளே அவரது ஆய்வுப் பொருளாகும். அவற்றுட் பல, காற்றுப் பட்ட மாத்திரத்திலேயே தீப்பற்றிக் கொள்பவை. ஆகையால் காற்று முற்றாக அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய்களுக்குள்ளேயே அவற்றைக் கையாள வேண்டியிருந்தது. அக்குழாய்களின் அடைப்பிதழ்களும் பம்பிகளும் அழுத்தமானிகளும் பாதரசத்தைக் கொண்டே இயங்கின. அவரது கண்டுபிடிப்புகளுக்கு வழி திறந்த அதே பொருள், அவரது உடலையும் அரித்துக் கொண்டிருந்தது.

தலைவலி, தலைச்சுற்று, ஓயாத மூக்கடைப்பு, ஈறுகளில் இரத்தக்கசிவு, வாய்ப்புண் என்று தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வைத்தியர்கள் மூக்குக்குச் சிகிச்சை அளித்தனர், பயனில்லை. எல்லாவற்றிலும் கொடியது நினைவு மங்கியமையே. தொலைபேசிப் புத்தகத்தில் பார்த்த இலக்கம், தொலைபேசியை எடுப்பதற்குள் மறந்து போகும் நிலை ஏற்பட்டது. எளிய கணக்குகள் தடுமாறின. விரிவுரை ஆற்றுவது பெரும் பாடாயிற்று. அறிவையே மூலதனமாகக் கொண்ட ஒருவருக்கு இதைவிடப் பெரிய துன்பம் வேறென்ன இருக்க முடியும்? அவருடன் பணியாற்றியவர்களிடமும் இத்தகைய அறிகுறிகள் தென்பட்டன.

1924 ஆம் ஆண்டிலேயே உண்மை வெளிப்பட்டது. நச்சியல் அறிஞரான லூயி லெவின், இது பாதரச ஆவியினால் விளைந்த நஞ்சேற்றமே எனச் சுட்டிக்காட்டினார். பாதரசத்தை விழுங்கினால் குடல் அதனைப் பெரிதும் உறிஞ்சுவதில்லை. ஆனால் சாதாரண அறை வெப்பநிலையிலேயே அது ஆவியாகின்றது. நிறமும் மணமும் அற்ற அந்த ஆவியைச் சுவாசித்தால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாகக் குருதியில் கலந்துவிடுகின்றது. தரைப் பலகைகளின் இடுக்குகளில் சிந்தி மறைந்த சிறு துளிகளே ஓர் அறையின் காற்றைப் பல ஆண்டுகளுக்கு மாசுபடுத்தப் போதுமானவை.

வேறு ஒருவராயின் தமது ஆய்வுகூடத்தைச் சுத்தம் செய்துவிட்டு மௌனமாக இருந்திருப்பார். ஸ்டொக் 1926 இல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். தமது நோயின் அந்தரங்க விபரங்களைக்கூட அதில் அவர் மறைக்கவில்லை. அதோடு நில்லாது, பற்களில் அடைக்கப்படும் பாதரசக் கலவையையும் கடுமையாகக் கண்டித்தார்.

அன்றைய பல் வைத்திய அறையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெள்ளி, வெள்ளீயத் தூளுடன் ஏறக்குறைய சம எடைப் பாதரசம் சேர்த்து, சிறு கல்வத்தில் அரைப்பர். சிலர் உள்ளங்கையிலேயே வைத்துப் பிசைவர். மிஞ்சிய பாதரசத்தைத் துணியிலோ மென்தோலிலோ இட்டு விரல்களால் பிழிந்தெடுப்பர். செப்புக் கலவையின் கதை இன்னும் மோசமானது. அதன் வில்லைகளைக் கரண்டியில் இட்டுச் சுவாலையின் மேல் பிடிப்பர். பாதரச முத்துக்கள் மேலே அரும்பியதும் எடுத்து அரைப்பர். சூடேறிய பாதரசத்தின் ஆவி, கரண்டியைப் பிடித்திருந்தவரின் முகத்துக்கே எழும்பியது. நோயாளி சிறிது நேரத்தில் வீடு திரும்பிவிடுவார். வைத்தியரும் உதவியாளரும் மாலை வரை, ஆண்டாண்டு காலமாக, அந்த அறையிலேயே இருந்தனர்.

பல் வைத்தியர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. பாதரசக் கலவை மலிவானது, நீடித்து உழைப்பது. தங்க அடைப்புக்கு வசதியற்ற ஏழைகளின் பற்களைக் காத்தது அதுவே. இப்பூசலும் புதியதன்று. அமெரிக்காவில் 1840களிலேயே பாதரசக் கலவையைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதிமொழி கேட்ட பல் வைத்தியர் சங்கம், அப்பிணக்கினாலேயே நலிந்து 1856 இல் கலைந்து போயிற்று. ஸ்டொக்கின் முதற் கண்டனம் அளவுக்கு மீறிய வேகம் கொண்டது என்பதே எமது கருத்தாகும். எனினும் அவர் வெறும் சொல்லோடு நிற்கவில்லை. காற்றிலும் சிறுநீரிலும் உள்ள மிக நுண்ணிய அளவு பாதரசத்தைக்கூட அளக்கும் முறைகளை உருவாக்கினார். தொழிற்சுகாதாரத்துக்கு அவர் அளித்த நிலையான கொடை அதுவே. 1926 இல் கார்ள்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றபோது, பாதரச ஆவி தேங்காதவாறு ஆய்வுகூடத்தை அமைத்துக் கொண்டார்.

அவரது வாழ்வில் நாம் மறைக்கலாகாத பக்கமும் உண்டு. 1933 இல் அவர் நாஜிக் கட்சியில் இணைந்தார். 1936 முதல் 1938 வரை ஜேர்மன் இரசாயனவியற் கழகத்தின் தலைமைப் பதவியையும் வகித்தார். அவரது நோயை இனங்கண்டு கூறிய லூயி லெவின் ஒரு யூதர். 1929 இல் காலமாகிவிட்டமையால் லெவின் இதனைக் காண நேரவில்லை.

உடல் நலிவு காரணமாக 1936 இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டொக், போரின் இறுதியில் எல்பே நதிக்கரையிலுள்ள ஆக்கன் என்ற சிறு நகரில் தஞ்சமடைந்து, 1946 ஆகஸ்டில் அங்கேயே மறைந்தார். போரன் ஐதரைட்டுகளில் அவர் தொடக்கி வைத்த வழியில் சென்ற லிப்ஸ்கொம் 1976 இலும், பிரவுண் 1979 இலும் நோபல் பரிசு பெற்றனர். ஸ்டொக்குக்கு அது கிட்டவில்லை.

செப்புக் கலவை காலப்போக்கில் வழக்கொழிந்தது. கல்வத்தின் இடத்தை, அளந்து மூடப்பட்ட குளிகையும் அதனைக் குலுக்கும் இயந்திரமும் பிடித்துக் கொண்டன. பல் வைத்தியர்கள் பாதரசத்தைத் திறந்த போத்தல்களில் வாங்கிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் முடிவு மினமாட்டா சமவாய நாடுகளால் 2022 இல் எடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவக் காரணத்தால் தவிர்க்க முடியாத தேவை தவிர்ந்த ஏனைய அடைப்புகளுக்குப் பாதரசக் கலவையை 2025 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஆயினும் பழைய அடைப்பைத் துளைத்து அகற்றும்போதும் பாதரச ஆவி எழவே செய்யும். ஏற்கனவே வாய்களில் உள்ள அடைப்புகளை அகற்றும் பணி 2034 ஆம் ஆண்டுக்குப் பின்னரும் நெடுங்காலம் தொடரும். அதுவரை நீர்த் தெளிப்பும், வேகமான உறிஞ்சு குழாயும், திறந்த யன்னலும் பல் வைத்திய அறைகளுக்கு வேண்டியவையாகவே இருக்கும்.