காணாத பூச்சியைக் கணித்துச் சொன்னவர்

ஆல்பிரட் ரஸல் வாலஸ் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. ஆனால் கல்லூரியில் படித்தவர் அல்ல. 1823 ஜனவரி 8-ந் தேதி வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். தந்தை பணத்தை இழந்து நொடித்துப் போனதால், 14 வயது முடியும் முன்பே பள்ளிப் படிப்பு நின்றது. நிலம் அளக்கும் அண்ணனுக்கு உதவியாளாகப் போய்ச் சேர்ந்தார்.

அளவுச் சங்கிலியோடு வயலிலும் குன்றிலும் நடந்தபோது, செடி கொடிகளின் மீது ஆசை பிறந்தது. 1845-ல் அண்ணன் இறந்தார். இங்கிலாந்து முழுவதும் ரெயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாலசும் ஒரு ரெயில் பாதைக்கு சர்வே செய்து கொஞ்சம் பணம் சேர்த்தார். 1848-ல் பேட்ஸ் என்ற நண்பருடன் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்.

பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பக்குவம் செய்து லண்டனுக்கு அனுப்புவார். அங்கே ஏஜெண்டு விற்றுப் பணம் கொடுப்பார். அதுதான் பிழைப்பு. உதவிக்கு வந்த தம்பி அங்கேயே காய்ச்சலில் இறந்தார். 1852-ல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரித்தவற்றில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பத்து நாட்கள் திறந்த படகில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் வந்து காப்பாற்றியது. ஏஜெண்டு இன்சூர் செய்திருந்த 200 பவுன்தான் மிச்சம்.

வேறொருவராயிருந்தால் அத்துடன் ஒதுங்கியிருப்பார். வாலஸ் 1854-ல் சிங்கப்பூரில் போய் இறங்கினார். எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளைச் சுற்றி, 1,25,660 உயிரினங்களைச் சேகரித்தார்.

விளக்கடியில் வேட்டை

போர்னியோவின் சரவாக் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காடு வெட்டிய சீனத் தொழிலாளிகளும் தயாக்கு மக்களும் பூச்சி பிடித்துக் கொடுத்தார்கள். பூச்சிக்கு ஒரு சென்ட் கூலி. பிறகு மலை மேல் ஒரு பங்களாவில் தங்கினார். அதன் வராந்தா தாழ்வானது, வெள்ளையடித்தது. இரவில் அங்கே விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார். ஒளியைத் தேடி வரும் அந்துப்பூச்சிகள் வெள்ளைச் சுவரில் ஒட்டும். நிலவுள்ள இரவில் ஒன்றிரண்டே வரும். இருட்டும் மழையும் கூடினால் நூறு, இருநூறு என்று குவியும். 26 இரவுகளில் 1,386 பிடித்தார். அவற்றில் 800-க்கு மேல், மழை கொட்டிய நான்கே இரவுகளில் கிடைத்தவை. இத்தனையையும் எண்ணிக் குறித்து வைத்தார். அப்படி ஒரு வேட்டை அந்த எட்டு ஆண்டுகளில் வேறெங்கும் வாய்க்கவில்லை.

1858-ல் காய்ச்சலில் கிடந்தபோது, உயிரினங்கள் எப்படி மாறி வந்தன என்ற கேள்விக்கு விடை தோன்றியது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் அதே முடிவுக்கு வந்திருந்தார். அவ்வாண்டு ஜூலை 1-ந் தேதி லண்டனில் இருவர் கட்டுரைகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வினின் பெயர் ஓங்கியது. வாலஸ் அதற்காகப் பொறாமைப்படவில்லை. கடைசி வரை நண்பராகவே இருந்தார்.

ஓர் அடி உறிஞ்சுகுழல்

மடகாஸ்கர் தீவில் ஓர் ஆர்க்கிட் மலர் உண்டு. அதன் தேன், ஓர் அடிக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள குழாயின் அடியில் இருக்கிறது. அதைக் குடிக்க அத்தனை நீளம் உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி இருந்தாக வேண்டும் என்று 1862-ல் டார்வின் எழுதினார். பூச்சியியல் நிபுணர்களில் சிலர் கேலி செய்தார்கள்.

1867-ல் வாலஸ் அதற்கு ஆதரவாக எழுதினார். லண்டன் மியூசியத்திலிருந்த ஆப்பிரிக்க அந்துப்பூச்சி ஒன்றின் குழலை அளந்து பார்த்தார், ஏழரை அங்குலம்! இன்னும் இரண்டு மூன்று அங்குலம் நீண்டால் போதுமே என்று கணக்கிட்டு, மடகாஸ்கரில் நம்பிக்கையோடு தேடலாம் என்றார்.

1903-ல் அந்தப் பூச்சி கிடைத்துவிட்ட செய்தி அச்சில் வந்தது. அவர் ஆப்பிரிக்கப் பூச்சியை அளந்து சொன்னது பொய்க்கவில்லை. இது அதன் நெருங்கிய சொந்தம்தான். முன்கூட்டியே சொல்லப்பட்டது என்ற பொருளில் பிரடிக்டா என்று பெயரிட்டார்கள். டார்வின் 1882-லேயே காலமாகிவிட்டார். வாலசுக்கு அப்போது வயது 80.

1913 நவம்பர் 7-ந் தேதி வாலஸ் மறைந்தார். 2021-ல் விஞ்ஞானிகள் அந்தப் பூச்சியைத் தனி இனமாகவே அங்கீகரித்தார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அளந்து சொன்ன சொல், அதன் பெயரிலேயே நிலைத்துவிட்டது.