பெயரைத் திருத்திய மருத்துவர்

அந்தமான் கடலோரச் சேற்றிலே நண்டு தேடி அலைவது கடல் உயிரியல் மாணவனாகிய எனக்கு வழக்கம். நண்டின் கொடுக்கைக் காணும்போதெல்லாம் என் தங்கையின் காது நினைவுக்கு வரும்.

இராமநாதபுரத்திலிருந்து பிழைப்பு நாடி இத்தீவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தங்கைக்கு 13 வயதில் இரண்டாம் முறை காது குத்தினோம். புண் ஆறிற்று, தழும்போ வளர்ந்துகொண்டே போயிற்று. புற்று என்றார்கள் அக்கம்பக்கத்தார். அம்மா உண்ணாமல் உறங்காமல் கிடந்தார். மருத்துவர் ஒருவர் அறுத்து எடுத்தார். ஓராண்டுக்குள் முன்னினும் பெரிதாக முளைத்தது. அது கீலாய்டு என்று பின்னர்தான் அறிந்தோம். அப்பெயரை இட்டவர் யார் என்று தேடினேன்.

அவர் ழான் லூயி அலிபேர். 1768-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் பிரான்சின் தென்பகுதியிலே பிறந்தார். சமயத் தொண்டை நாடி ஒரு துறவியர் சபையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சி அச்சபையைக் கலைத்துவிட்டது. வழி மாறிய இளைஞர் பாரிசுக்கு வந்து மருத்துவம் பயின்றார்.

1801-இல் அங்குள்ள செயின்ட் லூயி மருத்துவமனையில் பணி ஏற்றார். பிறர் முகம் சுளித்து ஒதுக்கும் தோல் நோயாளிகளே அங்கு நிறைந்திருந்தனர். அவர்களை அருகிருந்து பார்த்தார். ஓவியரைக் கொண்டு வண்ணப்படமாக்கினார். மருத்துவமனைத் தோட்டத்து மரநிழலிலே மாணவர்களுக்குப் பாடம் சொன்னார்.

காயத்தின் எல்லையைத் தாண்டி நண்டுக் கொடுக்குப் போல் பக்கங்களில் பரவும் தழும்பையும் அங்கே கண்டார். 1806-இல் அதற்குப் புற்றுப் போன்றது எனப் பொருள்படும் பெயரை இட்டார். ஆனால் அது புற்றன்று என்று தெளிந்தபின், தாம் இட்ட பெயரைத் தாமே விலக்கினார். 1817-இல் கொடுக்கு என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து கீலாய்டு என்ற பெயரை ஆக்கினார். நண்டு நின்றது, புற்று நீங்கிற்று!

மன்னர்களுக்கு மருத்துவரானார், பிரபுப் பட்டமும் பெற்றார். 1829-இல் தோல் நோய்களையெல்லாம் ஒரு மரத்தின் கிளைகளாக வகுத்துக் காட்டினார். அம்மரம் நிலைக்கவில்லை, திருத்திய சொல் நிலைத்தது. 1837 நவம்பர் 4-இல் பாரிசில் மறைந்தார்.

காயத்தை மூடவேண்டிய கொலாஜன் என்னும் புரதம் அளவின்றிச் சுரப்பதே இத்தழும்பின் காரணம் என்பதை இன்று அறிவோம். நம்மைப் போன்ற கருநிறத்தாருக்கு இது மிகுதி. வெறுமே அறுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் தகடு, காதை அழுத்தும் கவ்வி, அறுத்தவுடன் கதிர்வீச்சு என வழிகள் பல உண்டு. தங்கைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள்; தழும்பு தணிந்து வருகிறது.

அலிபேரின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். இது புற்றன்று என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுவிட்டாரா என்று வியந்தார். அன்றிரவு அவர் வயிறார உண்டார்.

நண்பர்களே! காது குத்துமுன் குடும்பத்தில் எவருக்கேனும் இத்தழும்பு உண்டா என்று கேளுங்கள். அறிவியல் கற்கும் நாம் ஒரு பெயரைச் சொல்லுமுன் எண்ணிச் சொல்வோம். தவறெனக் கண்டால் தயங்காது திருத்துவோம்.