திண்டிவனத்தில் ஒரே இரவில் 3 மரணங்கள்... வேலூர் சி.எம்.சி. பிறந்த கதை! யார் இந்த ஐடா ஸ்கடர்?

செஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது ராஜா தேசிங்கும், மூன்று மலைகளை வளைத்து நிற்கும் கோட்டையும்தான். ஆனா, செஞ்சியைச் சுற்றியுள்ள ஒரு கிராமத்தில் நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் யாருக்கும் கோட்டை நினைவுக்கு வராது. பக்கத்து ஆஸ்பத்திரியில் இந்த நேரத்துக்கு டாக்டர் இருப்பாங்களா, இல்ல முண்டியம்பாக்கத்துக்கோ திருவண்ணாமலைக்கோ கொண்டு போகச் சொல்லிடுவாங்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

அரசு மருத்துவம் பற்றி மக்களுக்கு இருக்கும் மனக்குறைகளில் இதுதான் பழசு. செஞ்சியிலிருந்து சுமார் 28 கி.மீ. தொலைவில் உள்ள திண்டிவனத்தில், 130 ஆண்டுகளுக்கு முன்பு ஒரே இரவில் மூன்று வீடுகள் இதே தவிப்பில் இருந்தன. அந்த இரவைப் பார்த்த ஓர் இளம்பெண்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கினார். அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்

ஐடா ஸ்கடர் 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர், அமெரிக்காவில் இருந்து முதலில் இலங்கைக்கும் பிறகு சென்னைக்கும் வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர்தான். ஐடாவுக்கு ஐந்து அண்ணன்கள்.

அவருக்கு ஆறு வயது இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுக்கும் வேலை சின்னப் பெண் ஐடாவுக்கும் இருந்தது. அதன்பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் இந்தியா திரும்ப, ஐடா அங்கேயே தங்கிப் படித்தார்.

இந்தியாவுக்குத் திரும்பி வந்து மிஷனரி ஆகும் எண்ணமே அவருக்கு இல்லை. பஞ்சமும் நோயும் பார்த்த ஊர் வேண்டாம், அமெரிக்காவில் ஒரு வசதியான வாழ்க்கை போதும் என்றுதான் நினைத்திருந்தார். 1890-ல் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று தகவல் வந்ததும், பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் திண்டிவனம் வந்தார். அப்போது செஞ்சியும் தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனம் தாலுகாவில்தான் இருந்தது.

அந்த இரவில் நடந்தது என்ன?

ஐடா பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்த சம்பவம் இது. ஒரு நாள் இரவு பிராமணர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய இளம் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி இருந்தது. ஐடாவை வரச் சொல்லிக் கெஞ்சினார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா எடுத்துச் சொன்னார். வேறு ஆண் தன் மனைவியைப் பார்ப்பதை ஏற்க முடியாது என்று அவர் திரும்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் இஸ்லாமியர் ஒருவர் வந்தார். அதே பிரச்சினை, அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர் வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டது தெரியவந்தது. சில தெரு தள்ளி ஒரு டாக்டர் இருந்தும் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

ஊர் வழக்கத்தைக் குறை சொல்லிவிட்டு ஐடா அதோடு விட்டிருக்கலாம். ஆனா அவர் வேறு மாதிரி யோசித்தார். அந்த மூன்று கணவர்களும் மருத்துவத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரியில் வாசல் தேடி வந்து கேட்டார்கள். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில் அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் தேவை ஒரு பெண் டாக்டர். ஐடா மருத்துவம் படிக்க அமெரிக்கா கிளம்பினார்.

அப்போ அரசு ஆஸ்பத்திரியே இல்லையா?

இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்கள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப் படித்தவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப்தான் 1885-ல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமானவர். ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காகவே அது தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், இந்தியப் பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்க உதவும் டஃப்ரின் நிதியும் உருவானது.

ஆனா இதெல்லாம் பெரும்பாலும் பெரிய நகரங்களோடு நின்றுபோனது. திண்டிவனம், செஞ்சி மாதிரியான ஊர்களில் பெண்களுக்கு இருந்த ஒரே துணை உள்ளூர் மருத்துவச்சிகள்தான். பிரசவம் சிக்கலானால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒற்றைக் கட்டிலில் தொடக்கம்

ஐடா 1899-ல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் வாங்கிய முதல் பெண்கள் குழுவில் அவரும் ஒருவர். ஊர் திரும்பும் முன், மருத்துவமனை கட்ட நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் தன் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ன் தொடக்கத்தில் வேலூர் வந்தார் ஐடா. அப்பாவிடம் வேலை பழகலாம் என்ற எண்ணம் சில மாதங்களிலேயே முடிந்துபோனது. அப்பா இறந்துவிட்டார். வீட்டிலேயே ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கட்டில் என்று தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். முதலில் நோயாளிகள் வரத் தயங்கினார்கள். பிறகு கூட்டம் சேர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு அவர் சிகிச்சை அளித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அவங்க வர முடியலையா? நாம போவோம்

ஆஸ்பத்திரி கட்டியதும் பிரச்சினை தீரவில்லை. தூரத்து கிராமங்களில் இருந்து வருபவர்கள் நோய் முற்றிய பிறகுதான் வந்தார்கள். மாட்டு வண்டியில் வந்து சேர்வதற்குள் நிலைமை கைமீறிவிடும். கூலி வேலையை விட்டுவிட்டு வருவதும் சுலபம் இல்லை.

அதனால் ஐடா, வேலூர் - குடியாத்தம் சாலையில் மருந்துப் பெட்டியோடு கிளம்பினார். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும். சுற்று வட்டார ஜனம் அங்கே காத்திருக்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, காய்ச்சலுக்கு மாத்திரை. 1909 வாக்கில் ஒரு பெஜோ கார் கிடைத்தது. அதுவரை காரையே பார்க்காத கிராமத்து மக்கள் மிரண்டு ஓடினார்களாம். வீடு தேடி மருத்துவம், நடமாடும் மருத்துவக் குழு என்று இப்போது நாம் பேசுவதற்கு இந்தப் பயணங்கள் ஒரு முன்னோடி.

அதிகாரியின் சந்தேகம், ஜெயித்த 14 பெண்கள்

இன்னொரு விஷயமும் அவருக்குப் புரிந்தது. வெளிநாட்டில் இருந்து வரும் ஒரு டாக்டரால் எத்தனை ஊரைப் பார்க்க முடியும்? இந்த மண்ணின் பெண்களே டாக்டராகவும் நர்ஸாகவும் வரணும். 1909-ல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். அடுத்து பெண்களுக்கான மருத்துவப் பள்ளிக்கு அரசிடம் அனுமதி கேட்டார்.

சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரிக்கு இதில் நம்பிக்கை இல்லை. விண்ணப்பிக்க ஆறு பெண்கள்கூட வர மாட்டார்கள் என்ற எண்ணத்தோடுதான் அனுமதி தந்தார். வந்ததோ 150-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள்! 1918-ல் பள்ளி தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, அரசுத் தேர்வை எழுதிய முதல் அணியின் 14 பெண்களும் தேர்ச்சி பெற்றார்கள்.

70 வயதில் வந்த சோதனை

1930-களின் இறுதியில் அரசு விதிகள் மாறின. டிப்ளமோ படிப்பு போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்ற நிலை. கூடுதல் பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 70 வயதில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார்.

ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் கூடுதல் ஆதரவு கிடைக்கும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்காகச் சேர்த்த பணம், பெண்களுக்கான கல்லூரி என்று பழைய ஆதரவாளர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். கல்லூரி பிழைக்க வேண்டும் என்பதற்காக ஐடா ஒப்புக்கொண்டார். 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே, 1946-ல் அவர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றிருந்தார். சில ஆண்டுகளில் இந்திய டாக்டரான ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கொடைக்கானலில் வாழ்ந்த ஐடா, 1960 மே மாதம் 89 வயதில் காலமானார்.

1946-ல் நாடு கேட்ட கேள்வி

ஐடா ஓய்வு பெற்ற அதே 1946-ல்தான் இந்திய சுகாதாரத்தின் நிலையை ஆராய்ந்த சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கை வெளியானது. தமிழகத்தின் ஏ.லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் குழுவில் இருந்தார். சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ், 60,000 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்பதுதான் அன்றைய நிலை. ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். காசு இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக்கூடாது என்பது அந்த அறிக்கையின் அடிப்படை. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு விதை போட்டதும் அதுதான்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

நிறைய மாறியிருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது இறக்கும் தாய்மார்கள் இந்திய அளவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2010-ல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது.

அப்புறமும் ஏன் மக்களுக்கு மனக்குறை? பொதுவாகக் கேட்கும் புகார்களைப் பாருங்கள். ராத்திரியில் டாக்டர் இல்லை. ஸ்கேன் எடுக்க வேறு ஊர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பிடறாங்க. மணிக்கணக்கில் நின்றாலும் முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை. கட்டடம் இருக்கிறது, ஆள் போதவில்லை என்பதுதான் இவற்றின் சாரம். அதற்குப் பணமும் ஒரு காரணம். 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5% ஆக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. 1948-ல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தொடங்கிய பிரிட்டனிலும், சிகிச்சைக்காகக் காத்திருக்கும் காலம் பெரிய அரசியல் பிரச்சினையாகத்தான் இருக்கிறது.

ஐடா அரசு டாக்டர் இல்லை. அவர் உருவாக்கிய சி.எம்.சி. அரசு மருத்துவமனையும் இல்லை. ஒரு தனி நபரின் உழைப்பு, அரசு செய்ய வேண்டியதற்கு மாற்றாகவும் ஆகாது. ஆனா வாசலில் வந்து நின்ற குறையை ஜனங்களின் அறியாமை என்று அவர் தள்ளிவிடவில்லை. பெண் டாக்டர் இல்லையா, தானே படித்தார். தூரம் அதிகமா, வண்டி கட்டிப் போனார். ஆள் போதவில்லையா, உள்ளூர்ப் பெண்களைப் படிக்க வைத்தார்.

செஞ்சியில் இன்று ஒருவர் ஆஸ்பத்திரி பற்றிக் குறை சொன்னால், அதையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்த ஆள் இல்லை என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவ சேவை பற்றிய குறைகளை 104 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.