புகைக்கு நாடி பிடித்தவர்

விறகு அடுப்பு எரிந்த காலத்தில், மூலக்கொத்தளத்து வீடுகளில் பொழுது விடிவதே புகையோடுதான். ஊதுகுழலால் ஊதி ஊதித் தாய்மார்களுக்குக் கண் சிவந்துவிடும். பக்கத்திலேயே பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையம். அங்கே நிலக்கரி எரித்த நாட்களில் உயர்ந்த புகைபோக்கிகள் நின்றன. வண்டி வண்டியாக எரிந்த நிலக்கரியின் புகை மேலே போயிற்று. வீட்டில் எரிந்த நாலு சுள்ளியின் புகையோ வெளியே போக மறுத்தது.

ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி, கப்பலில் உட்கார்ந்து நீண்ட கடிதம் எழுதினார் ஒரு கிழவர். அப்போது அவருக்கு வயது 79. அவர் பெயர் பெஞ்சமின் பிராங்ளின். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவர் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்களே, அவரேதான்!

ஓடிப்போன பையன்

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தகப்பனார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்கு 17 பிள்ளைகள். பெஞ்சமின் 15-வது பிள்ளை.

இரண்டு ஆண்டுகள்கூட அவர் முழுசாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. 10 வயதில் தகப்பனாரின் தொழிலில் கைகொடுத்தார். 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலை பழகினார். அண்ணன் அடித்தார். தம்பி பொறுத்துப் பார்த்தார். 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிவிட்டார்.

அங்கே சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார். பத்திரிகை நடத்தினார். அவர் போட்ட பஞ்சாங்கம் வீட்டுக்கு வீடு விற்றது. 42 வயதிலேயே, வேலைக்குப் போகாமல் வாழும் அளவுக்குப் பணம் சேர்ந்துவிட்டது.

வேண்டாம் என்ற உரிமை

அமெரிக்கா குளிர் நாடு. சுவரில் குழிவாகக் கணப்பு கட்டி விறகு எரிப்பார்கள். சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வீணாகப் போகும். புகை பல வீடுகளில் அறைக்குள் வரும்.

இதற்காக 1740-களின் தொடக்கத்தில் பிராங்ளின் ஓர் இரும்பு அடுப்பைச் செய்தார். 1744-ல் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் அச்சிட்டார். அதைச் செய்து விற்கும் தனி உரிமையை அவருக்கே தருவதாகக் கவர்னர் சொன்னார். பிராங்ளின் வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்கள் கண்டுபிடித்ததை நாம் அனுபவிக்கிறோம். நம்முடையதையும் இலவசமாகக் கொடுப்போம் என்பது அவர் எண்ணம். லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அதில் சில மாறுதல்கள் செய்து, தன் பெயரில் உரிமை வாங்கிப் பணம் சம்பாதித்தார். பிராங்ளின் வழக்குப் போடவில்லை.

ஆனால் அந்த அடுப்பிலும் கோளாறு இருந்தது. புகை முதலில் கீழே இறங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். நெருப்பு தணிந்தால் புகை ஏற மறுத்தது. பின்னால் வந்தவர்கள் அதை மாற்றி அமைத்தார்கள்.

தகப்பனும் மகனும்

1752-ல் மின்னல் ஆராய்ச்சி. அதன்பின் அரசியல். 1776-ல் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். உடனே உதவி தேடிப் பிரான்சுக்குப் போனார். ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார்.

அவருடைய மகன் வில்லியம் ஆங்கில அரசரின் பக்கம் நின்றார். தகப்பனின் மனம் முறிந்தது. 1785-ம் ஆண்டு ஜூலையில், ஊர் திரும்பும் வழியில், இங்கிலாந்தில் சவுதாம்டன் துறைமுகத்தில் இருவரும் சந்தித்தார்கள். நிலம், கடன் என்று கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். அதன்பின் இருவரும் சந்திக்கவே இல்லை.

பிராங்ளின் கப்பல் ஏறினார். சிறுநீர்ப்பையில் கல். அசைந்தாலே வலி. அந்த நிலையில்தான், வியன்னாவில் இருந்த இங்கன்ஹவுஸ் என்ற வைத்தியருக்குப் புகையைப் பற்றி எழுதினார்.

புகை தானாக ஏறாது

புகை லேசானது, தானாகவே மேலே போகும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். பிராங்ளின் அதை மறுத்தார். ஒரு குடுவையில் பாதி குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். புகையிலைப் புகையைக் குழாய் வழியே தண்ணீருக்குள் ஊதுங்கள். குளிர்ந்த புகை மேலே ஏறாது. தண்ணீரின் மேலேயே படுத்துக் கிடக்கும்!

அப்படியானால் புகையை ஏற்றுவது எது? சூடான காற்று. அது புகைபோக்கி வழியே மேலே போக, அந்த இடத்துக்கு வேறு காற்று வீட்டுக்குள் வர வேண்டும். வர வழியில்லை என்றால் போகவும் வழியில்லை. புதிதாகக் கட்டிய, இடுக்கே இல்லாத நல்ல வீடுகள் சில புகைந்ததற்கு இதுவே காரணம். லண்டனில் ஒரு பிரபு இது தெரியாமல் பெரும் பணத்தை வீணாக்கினார்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி சொன்னார். கதவைத் திறந்து வைத்து நெருப்பு மூட்டுங்கள். புகை நேராக வெளியே போகிறதா? கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துங்கள். எந்த இடத்தில் புகை உள்ளே வருகிறதோ அங்கே நிறுத்தி, புகை நிற்கும்வரை சற்றே திறந்து, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். எட்டு அடிக் கதவில் அரை அங்குலம் என்றால் 48 சதுர அங்குலம். ஆறுக்கு எட்டு அங்குலத்தில் ஒரு துவாரம் வைத்தால் போதும்.

இப்படி ஒன்பது காரணங்களை எழுதினார். கணப்பின் வாய் பெரிதாக இருக்கலாம். புகைபோக்கி குட்டையாக இருக்கலாம். நெடிய புகைபோக்கிதான் நன்றாக இழுக்கும். ஒரே வீட்டில் இரண்டு நெருப்பு எரிந்தால், வலுத்தது மற்றதன் புகைபோக்கி வழியே காற்றைக் கீழே இழுக்கும். கதவு தப்பான இடத்தில் இருந்தாலும் தொல்லைதான். பக்கத்தில் உயர்ந்த கட்டடம் இருந்தால், அதைத் தாண்டிவரும் காற்று அணையைத் தாண்டும் தண்ணீர்போல் விழுந்து புகையை அமுக்கும். மூலக்கொத்தளம்போல் நெருக்கமான இடங்களில், மாடிக் கட்டடத்தின் காலடியில் இருக்கும் ஓட்டு வீட்டுக்கு இது அப்படியே பொருந்தும்.

நம் ஊர் அடுப்படிக்குக் கணப்பு கிடையாது. ஆனாலும் நியாயம் ஒன்றுதான். சூடு ஆறுவதற்குள் புகை வெளியேற உயரத்தில் புகைக்கூண்டு வேண்டும். காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. வீட்டு அடுப்பின் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

தோற்ற இடம்

லண்டனுக்கு அருகே ஒரு நண்பரின் வீட்டில் நல்ல அறை ஒன்று புகைந்தது. பிராங்ளின் போனார். கதவைத் திறந்து பார்த்தார். காற்றுக் குறைவு இல்லை. கணப்பின் வாயைச் சிறிதாக்கிப் பார்த்தார், பயனில்லை. வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கியில் குறை தெரியவில்லை. தம்மால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு திரும்பினார்.

பின்னால் அந்த நண்பரே ஏணி வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். சுள்ளி, வைக்கோல், களிமண், இறகு! வீடு சில ஆண்டுகள் காலியாகக் கிடந்தபோது ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. அதை எடுத்ததும் புகை ஒழுங்காகப் போயிற்று. இந்தக் கதையையும் பிராங்ளின் மறைக்காமல் கடிதத்தில் எழுதினார்.

1785 செப்டம்பரில் கப்பல் பிலடெல்பியா சேர்ந்தது. அடுத்த மாதமே அவருடைய கடிதம் அந்நகரின் அறிஞர் சங்கத்தில் படிக்கப்பட்டது. மறு ஆண்டு அச்சில் வந்தது. வலி மட்டும் அவரை விடவில்லை. 1790 ஏப்ரல் 17-ந் தேதி, 84-ம் வயதில், நுரையீரல் நோயால் அவர் காலமானார். உயிலில் மகன் வில்லியமுக்குப் பெரிதாக எதையும் அவர் எழுதி வைக்கவில்லை.