மேரி ரிச்மண்ட் அம்மையாரும் எங்கள் இரண்டாம் சனிக்கிழமையும்

மலர்க்குழுவினர் போன் செய்து, சமூகப்பணித் துறையின் பழைய மாணவன் என்ற முறையில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றதும், வழக்கம்போல ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதை எப்படியும் யாராவது எழுதிவிடுவார்கள். எனவே நாம் எல்லோரும் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துபோன ஓர் அம்மாளைப் பற்றி எழுதுகிறேன். மேரி ரிச்மண்ட். கேஸ் ஒர்க் பேப்பரில் பத்து மார்க் கேள்வி. எழுதிய புத்தகத்தின் பெயர், வெளிவந்த வருடம், முடிந்தது கதை! அந்த அம்மாள் பட்ட பாட்டை நாம் கேட்டதே இல்லை.

1861-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து, பால்டிமோர் நகரில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பாட்டிக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் பதினோரு வயதுக்குப் பிறகுதான் பள்ளிக்கே போனார். பதினாறு வயதில் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். அதோடு சரி, காலேஜ் வாசலை மிதிக்கவில்லை. நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்தில் வேலை. கூட இருந்த அத்தை உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பிவிட, பெரிய நகரத்தில் தனி ஆளாகக் காலம் தள்ளினார். இரண்டு வருடத்தில் அவரும் பால்டிமோருக்குத் திரும்பி, கடையில் கணக்கெழுதினார்.

1889-ல் அந்த ஊர் தர்மஸ்தாபனச் சங்கத்தில் உதவிப் பொருளாளர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். அதுவும் கணக்கு வேலைதான். போய்ச் சேர்ந்தார். நம் தொழிலின் தாய் என்று பாடப்புத்தகத்தில் போடுகிறோமே, அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது கணக்குப் புத்தகத்தோடு!

வந்ததும் அவர் செய்த முதல் காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த வேலை எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களிடம் போய்ப் பார்க்கிறேன் என்று பாஸ்டனுக்கு ரயில் ஏறினார். அங்கே இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஜில்ஃபா ஸ்மித் என்ற அம்மாளிடம் ஒரு வாரம் இருந்து கற்றுக்கொண்டார். அந்த ஒரு வாரச் சிநேகம் ஆயுள் முழுக்க நீடித்தது. 1891-ல் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஆகிவிட்டார். டிகிரி வாங்கின ஆண்கள் உட்காரும் நாற்காலி அது.

1897-ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டில், ஏழைகளோடு வேலை செய்பவர்களுக்கு முறையான பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று பேசினார். நல்ல மனசு இருந்தால் போதும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். மறு வருடமே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்கால வகுப்பு ஆரம்பமானது. அந்த வகுப்புதான் வளர்ந்து வளர்ந்து, இன்றைக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக நிற்கிறது. நம் நாட்டில் 1936-ல் பம்பாயில் டாடா பள்ளியும், 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியில் சென்னைப் பள்ளியும் வந்தது பிற்பாடு.

பிறகு பிலடெல்ஃபியா, 1909-லிருந்து நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை. எழுதிய புத்தகங்களைவிட, இந்தக் காலத்தில் சத்தமில்லாமல் செய்த ஒரு வேலையைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவர் தனித்தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊரில் செய்த தப்பையே இன்னோர் ஊரிலும் செய்வார்கள். இவர், ஒரு சங்கத்தின் படிவங்களும் கேஸ் ரெக்கார்டுகளும் இன்னொரு சங்கத்துக்குப் போய்ச்சேர வழி பண்ணினார். வெளியில் விற்காமல் ஊழியர்கள் பார்வைக்கு மட்டும் என்று கேஸ்களை அச்சடித்துக் கொடுத்தார். 1910 முதல் 1922 வரை கோடையில் சுமார் ஒரு மாதம், ஏற்கனவே வேலையில் இருப்பவர்களைச் சின்னக் குழுவாக உட்காரவைத்து, அவரவர் கேஸை நடுவில் வைத்துப் பேசச் செய்தார். லெக்சர் கேட்டுவிட்டு சர்டிபிகேட் வாங்கும் சமாச்சாரம் இல்லை இது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988-ல் நான் பாஸ் செய்தேன். 1991-ல் ஓர் ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில் சோசியல் ஒர்க்கர். மொத்த ஆஸ்பத்திரிக்கும் நான் ஒருவன்தான். ஒரு பெண் வந்தாள், இருபத்திரண்டு வயது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றாள். நான் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினேன். தேறி வீட்டுக்குப் போனாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் வந்தாள், இந்த முறை பிழைக்கவில்லை. யாரிடம் சொல்வது? டாக்டர்கள் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் சொன்னால் வேலையை விடு என்பார்கள். மூன்று வருடம் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

1994-ல் நம் பேட்ச்மேட் ஒருவர் வீட்டில் எதேச்சையாக ஐந்து பேர் கூடினோம். ஒருவர் மில்லில் வெல்பேர் ஆபீசர், ஒருவர் குடிநோயாளிகள் மறுவாழ்வு மையம், ஒருவர் சிறுவர் இல்லம், வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில். பேச்சுவாக்கில் நான் அதைச் சொல்லிவிட்டேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவள் ஸ்டவ் என்று சொன்னபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று மட்டும் வெல்பேர் ஆபீசர் கேட்டார். புருஷனும் மாமியாரும் நின்றார்கள். அவளைத் தனியாக ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை, பிறந்த வீட்டாரைத் தேடிப் பிடித்துப் பேசவும் இல்லை. அன்றைக்குத்தான் அது எனக்கே உறைத்தது. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அடுத்த மாதம் போனேன்.

அந்த வாரம்தான் பழைய நோட்ஸைத் தூசி தட்டி எடுத்தேன். 1915-ல் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், சமூகப்பணி இன்னும் ஒரு முழுத் தொழில் ஆகவில்லை என்று மாநாட்டு மேடையிலேயே சொல்லிவிட்டார். பலருக்கு முகம் தொங்கிப்போனது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1917-ல் ரிச்மண்டின் சோசியல் டயக்னோசிஸ் வந்தது. பல வருடம் கேஸ் ரெக்கார்டுகளைப் படித்துச் சேர்த்த புத்தகம். உறவினர், பள்ளி, டாக்டர், முதலாளி, அக்கம்பக்கம், ஆவணங்கள் என்று எங்கெங்கே விசாரிக்க வேண்டும், ஒருவர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. நான் எம்.ஏ.வில் அதை மனப்பாடம் பண்ணி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்!

அந்த அம்மாளைத் தூக்கி வைத்து மட்டும் பேச முடியாது. விதவைத் தாய்மாருக்கு அரசாங்கம் உதவித்தொகை தருவதை எதிர்த்தவர் அவர். தனி விசாரணையும் தனி உதவியும்தான் சரி என்று பிடிவாதம். அது தப்பு என்றே நான் நினைக்கிறேன். நம் ஊரில் முதியோர், விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தே பாதி சர்வீஸைக் கழித்தவன் நான். அந்தப் பணம் வந்த வீட்டில் என்ன மாறியது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1921-ல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ எம்.ஏ. பட்டம் கொடுத்தது. கல்லூரிப் படியேறாதவருக்கு அறுபது வயதில் பட்டம். 1928 செப்டம்பரில் நியூயார்க்கில் காலமானார்.

எங்கள் ஐவர் கூட்டம் அன்றிலிருந்து மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை. விதி இரண்டுதான்: ஆள் பெயர், ஊர் பெயர் மாற்றிச் சொல்ல வேண்டும், ஜெயித்த கேஸ் கொண்டு வரக்கூடாது. மில் மூடின வருடம் வெல்பேர் ஆபீசரை நாங்கள்தான் தூக்கி நிறுத்தினோம். இருவர் இப்போது இல்லை. மீதி மூவரும் ரிட்டையர் ஆகிவிட்டோம், ஆனாலும் கூடுகிறோம்.

சங்கமத்தன்று மதியச் சாப்பாட்டுக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவில் நேரம் இருக்கிறது. துறையின் பழைய வகுப்பறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலைக்குப் போய் ஒன்றிரண்டு வருடம் ஆன தம்பி தங்கைகளும், கடைசி வருட மாணவர்களும் ஆளுக்கொரு கேஸோடு வாருங்கள். நானும் ஒன்று கொண்டு வருகிறேன். தீக்காய வார்டு இல்லை, வேறொன்று. இன்னும் யாரிடமும் சொல்லாதது.