ஹைன்ஸ் ரூட்டிஸ்ஹவுசர் – 'ஃபார்' என்ற சொல்லைத் தந்தவர்

சி, ஜாவா போன்ற மொழிகளில் நிரல் எழுதும் எவரும் ஒரு நாளில் பலமுறை 'ஃபார்' என்ற சொல்லைத் தட்டச்சு செய்கிறார். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி கணினிக்கு இடும் கட்டளை அது. அதை நிரல்மொழிக்குள் கொண்டு வந்தவர் ஹைன்ஸ் ரூட்டிஸ்ஹவுசர் என்ற சுவிஸ் கணித மேதை. என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் பலருக்கே இந்தப் பெயர் தெரியாது.

நான் வசிக்கும் வின்டர்தூரிலிருந்து அரைமணி நேர ரயில் பயணத்தில் வைன்ஃபெல்டன் என்ற சிற்றூர் வரும். அங்கேதான் 1918 ஜனவரி 30 அன்று அவர் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையையும், அடுத்த மூன்றாண்டுகளில் தாயையும் இழந்து, தம்பி தங்கையோடு உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1936-இல் சூரிச்சின் புகழ்பெற்ற ஈ.டி.ஹா. தொழில்நுட்பக் கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்து, 1942-இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தார்.

1948-இல் முனைவர் பட்டம். அதே ஆண்டு கணினிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அமெரிக்கா சென்று ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் தங்கினார். திரும்பி வந்தபின், பேராசிரியர் எடுவார்ட் ஷ்டீஃபல் தொடங்கியிருந்த கணிதக் கூடத்தில் சேர்ந்தார். 1950-இல் அங்கே கொன்ராட் சூஸ என்ற ஜெர்மானியர் உருவாக்கிய 'இசட் 4' கணினி வாடகைக்கு வந்தது. அதன் நினைவகத்தில் அடங்கியவை வெறும் 64 எண்கள். எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மனிதன்தான் நினைவில் வைத்து, நாடாவில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்த எடுபிடி வேலையை ஏன் இயந்திரமே செய்யக்கூடாது என்று ரூட்டிஸ்ஹவுசர் யோசித்தார். கணிதக்காரர் தமக்குப் பழகிய சூத்திரங்களையே எழுதட்டும், அவற்றை இயந்திரக் கட்டளைகளாக இயந்திரமே மாற்றிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். இதற்காக அவர் வகுத்த மொழிக்கு 'சூப்பர்பிளான்' என்று பெயர். திரும்பச் செய்ய வேண்டிய கணக்கை 'ஃப்யூர்' என்ற ஜெர்மன் சொல்லால் தொடங்கினார். இம்மொழியை மாற்றும் முறையை விளக்கும் அவரது ஆய்வு 1952-இல் அச்சில் வந்தது. அதில் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, பத்து முறை செய்ய வேண்டியதைப் பத்து முறையும் விரித்து எழுதிவிடுவது. மற்றது, ஒரே முறை எழுதி, முடிந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பித் தாவச் செய்வது.

இரண்டாவது வழியில்தான் இன்றைய கம்பைலர்கள் பெரும்பாலும் நடக்கின்றன. தாவ வேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளம் வேண்டுமல்லவா? கம்பைலர் தான் எழுதும் அசெம்பிளியில் அங்கே 'புள்ளி எல் 3' என்பதுபோல் ஒரு தற்காலிகச் சீட்டை ஒட்டுகிறது. ஃபங்ஷன்களின் கதை வேறு. அவற்றின் பெயர் கோப்பின் குறியீட்டுப் பட்டியலில் ஏறும். தனித்தனிக் கோப்புகளை இணைக்கும் லிங்க்கர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுகிறது. எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலரும் வெறும் முகவரியைப் பெயராக மாற்ற அதே பட்டியலைத்தான் புரட்டுகிறது. தற்காலிகச் சீட்டுக்கு அந்த வாழ்வு இல்லை. தாவும் தூரத்தைக் கணக்கிட்டதும் அசெம்பிளர் அதைக் கிழித்துப் போட்டுவிடும்.

ப்ரொஃபைலர் முன்னால் உட்காரும் என் அன்றாட வேலையில் இதைத்தான் பார்க்கிறேன். நேரத்தை எல்லாம் விழுங்குவது ஏதோ ஒரு 'ஃபார்' சுழற்சி. அறிக்கையில் வருவதோ அதைச் சுற்றியுள்ள ஃபங்ஷனின் பெயர். வரி எண்களையும் சேர்த்து வைக்கும்படி கம்பைலரிடம் முன்பே சொல்லியிருந்தால்தான் சுழற்சி இருக்கும் வரி தெரியும்.

1958 மே மாதக் கடைசியில், ஐரோப்பியர் நால்வரும் அமெரிக்கர் நால்வரும் சூரிச்சில் கூடிப் பொதுவான நிரல்மொழி ஒன்றை வகுத்தார்கள். அந்த எண்மரில் ரூட்டிஸ்ஹவுசரும் ஒருவர். பின்னாளில் 'அல்கால் 58' எனப்பட்ட அம்மொழியில் 'ஃப்யூர்' ஆங்கில 'ஃபார்' ஆயிற்று. அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. இதற்கிடையே ஷ்பைசர் என்ற பொறியாளரோடு சேர்ந்து சுவிட்சர்லாந்தின் முதல் கணினியான 'எர்மெத்'தை உருவாக்குவதிலும் அவர் பங்கு கொண்டார். எண் கணிதத் துறையில் அவர் கண்ட வழிமுறைகளும் இன்றுவரை பாடமாக உள்ளன.

1962-இல் முழுப் பேராசிரியரானார். இதய நோய் அவரை நெடுநாள் வாட்டியது. 1964-இல் மாரடைப்பு வந்து பிழைத்தார். 1968-இல் ஈ.டி.ஹா.வின் கணினி அறிவியல் குழுவுக்குத் தலைவரானார். 1970 நவம்பர் 10 அன்று தம் அலுவலக அறையிலேயே காலமானார். வயது 52. அவர் எழுதி வைத்திருந்தவை அச்சேறப் பாடுபட்டவர் அவர் மனைவி மார்கிரிட்.

அந்த 1968-லேயே ஈ.டி.ஹா.வுக்கு வந்த இளைய பேராசிரியர் நிக்லாஸ் விர்த். எங்கள் வின்டர்தூரில் பிறந்தவர். அவர் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியிலும் 'ஃபார்' இருந்தது. விர்த்தை உலகம் அறியும். அவருக்கு முன்னால் பாதை போட்டவரின் பெயரோ, வேலை முடிந்ததும் கிழித்தெறியப்படும் அந்தச் சீட்டுபோல் ஆகிவிட்டது. அவர் காட்டிய சுழற்சி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.